தவிட்டோடு போன உயிர்கள் - வைட்டமின் பி கண்டுபிடிக்கப்பட்ட கதை

பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் இந்த அட்டவணை நினைவிருக்கும். வைட்டமின் ஏ - மாலைக்கண். பி - பெரிபெரி. சி - ஸ்கர்வி. டி - ரிக்கெட்ஸ். 'பொருத்துக' பகுதியில் நான்கு மதிப்பெண் நிச்சயம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவோம். பெரிபெரி வந்த ஒருவரைக்கூட நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். பெயரே ஏதோ விளையாட்டுச் சொல் மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த அட்டவணையின் இரண்டாவது வரியை எழுத உலகத்துக்கு ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் பிடித்தன. ஒரு கடற்படை, ஒரு ராணுவம், சில சிறைச்சாலைகள், ஒரு மனநல விடுதி, நிறையக் கோழிகள் என்று அதற்குள் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. நாம் தினமும் சாப்பிடும் புழுங்கல் அரிசிக்கும் அதில் ஒரு முக்கியப் பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

மனித உடலுக்குத் தேவையான வைட்டமின்கள் மொத்தம் 13. இவற்றில் ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. மீதி ஒன்பது, அதாவது எட்டு பி வைட்டமின்களும் வைட்டமின் சியும், தண்ணீரில் கரைபவை.

இந்தப் பிரிவினையைப் பாடப்புத்தகத்துக்காகச் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். அன்றாட வாழ்க்கையில் இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. கொழுப்பில் கரைபவற்றை உடல் ஈரலிலும் கொழுப்பிலும் சேமித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் கரைபவற்றை அப்படி அதிகம் சேமிக்க முடியாது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். (பி12 மட்டும் விதிவிலக்கு. ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான அளவு இருக்கும்.) பி1 எனப்படும் தயமின் உடலில் இருப்பு இருப்பதே இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான். அதனால் இதை அடிக்கடி சாப்பாட்டிலிருந்து பெற்றே ஆகவேண்டும்.

இரண்டாவது விளைவு அடுப்படியில். அரிசியைக் களைந்த தண்ணீரிலும், காய் வேகவைத்துக் கொட்டிய தண்ணீரிலும், வடித்த கஞ்சியிலும் இந்தச் சத்துகள் கரைந்து வெளியே போய்விடும்.

சரி, கதைக்கு வருவோம்.

பெரிபெரி

இந்தப் பெயர் சிங்களத்திலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. 'முடியவில்லை' என்ற பொருளுள்ள சொல்லை இரட்டித்துச் சொன்னது. நோயைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும். முதலில் கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். கெண்டைக்கால் சதை வற்றி, எழுந்து நிற்கவே முடியாமல் போகும். இது ஒரு வகை. இன்னொரு வகையில் கால்களில் நீர் கோத்து வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பெருத்துத் திடீரென்று நின்றுவிடும்.

காரணம் இன்று நமக்குத் தெரியும். சோற்றில் உள்ள மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக மாற்றும் வேலையில் தயமினுக்கு ஒரு முக்கியமான பங்கு இருக்கிறது. அது இல்லாவிட்டால் வேலை பாதியிலேயே நின்றுவிடும். சக்தி அதிகம் தேவைப்படும் நரம்பும் இதயமும் முதலில் அடிவாங்கும். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சோறு அதிகமாகச் சாப்பிடச் சாப்பிடத் தயமின் தேவையும் கூடும். அதாவது, வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கும் இந்த நோய் வரும். அதனால்தான் இதைச் சத்துக் குறைவு என்று சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆசியாவில் பழங்காலம் முதலே அறியப்பட்ட நோய்தான் இது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திடீரென்று பெருகியது. நீராவியால் ஓடும் அரிசி ஆலைகள் வந்த காலம் அது. உரலில் குத்தும்போது உமி போகும், தவிடு ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கும். இயந்திரமோ தவிட்டையும் முளையையும் சுத்தமாக உரித்து, முத்துப்போல வெள்ளை அரிசியைக் கொடுத்தது. பார்க்க அழகு, சீக்கிரம் கெடாது, விலையும் மலிவு. கப்பல், சிறைச்சாலை, ராணுவ முகாம், சுரங்கம் என்று பலபேருக்கு ஒரே இடத்தில் சமைக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் இந்த அரிசி போனது. பின்னாலேயே பெரிபெரியும் போனது.

ஜப்பானில் ஒரு கடற்படை மருத்துவர்

ஜப்பானில் இந்த நோய்க்கு 'எடோ நோய்' என்று ஒரு பெயர் இருந்தது. கிராமத்திலிருந்து தலைநகர் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) வந்து வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கு வரும், ஊருக்குத் திரும்பினால் போய்விடும். 1866இல் இருபது வயதில் இறந்துபோன ஷோகன் இயெமோச்சியின் சாவுக்கும் இதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

தகாகி கனெஹிரோ என்பவர் லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1880இல் ஜப்பான் கடற்படைக்குத் திரும்பினார். மாலுமிகளில் ஏராளமானோர் பெரிபெரியால் படுத்திருந்தார்கள். ஐரோப்பியக் கடற்படைகளில் இந்த நோய் இல்லை. தன் கப்பல்களிலும் அதிகாரிகளுக்குக் குறைவாகவும் சாதாரண மாலுமிகளுக்கு அதிகமாகவும் வருவதை அவர் கவனித்தார். உடை, இடம், காற்று எல்லாம் ஒன்றுதான். வேறுபட்டது சாப்பாடு மட்டும்.

1882இல் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் வழியாக நீண்ட பயணம் போனது. கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி. 25 பேர் இறந்துபோனார்கள். தகாகி அரசிடம் போராடி அனுமதி வாங்கி, 1884இல் சுகுபா என்ற இன்னொரு கப்பலை அதே பாதையில் அனுப்பினார். இந்தமுறை சோற்றைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி, பயறு கொடுத்தார்கள். சிலருக்கு மட்டுமே நோய் வந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை.

பிறகு கடற்படை முழுவதும் உணவை மாற்றினார். ரொட்டியை மாலுமிகள் விரும்பவில்லை என்றதும் அரிசியோடு பார்லி கலந்து கொடுத்தார். கணக்கைப் பாருங்கள்: 1883இல் சுமார் 5,300 பேர் இருந்த கடற்படையில் 1,236 பேருக்கு நோய், 49 சாவு. 1885இல் கிட்டத்தட்ட 6,900 பேரில் 41 பேருக்கு மட்டுமே நோய், சாவு இல்லை.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் தகாகியின் மருந்து சரி, விளக்கம் தவறு. உணவில் புரதம் குறைந்து மாவுச்சத்து கூடியதால் நோய் வருகிறது என்றார் அவர். ஜப்பான் தரைப்படையின் மருத்துவர்களோ ஜெர்மனியின் பாணியில் படித்தவர்கள். பாஸ்டரும் காக்கும் நோய்க்கிருமிகளை வரிசையாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 'நோய் என்றால் கிருமி இருக்கவேண்டும். புரதக் கணக்கு நிரூபணம் ஆகவில்லை' என்று அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஜப்பானின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவராகப் போற்றப்படும் மோரி ஓகாய் ஒரு ராணுவ மருத்துவர். எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

விளைவு? 1904-05இல் ரஷ்யாவுடன் நடந்த போரில் ஜப்பான் தரைப்படை வீரர்களுக்கு வெள்ளைச் சோறு. சுமார் இரண்டரை லட்சம் பேருக்குப் பெரிபெரி வந்தது. ஏறத்தாழ 27 ஆயிரம் பேர் அதிலேயே இறந்தார்கள். அதே போரில் அதே நாட்டின் கடற்படையில் இந்த நோய் பெயருக்குத்தான் இருந்தது. இருபது வருடமாகப் பக்கத்துக் கட்டடத்தில் மருந்து இருந்தும் எடுக்கவில்லை. இந்த வரலாற்றிலேயே என்னை மிகவும் உறுத்திய இடம் இதுதான்.

ஜாவாவின் கோழிகள்

கிட்டத்தட்ட அதே சமயத்தில், டச்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த ஜாவாவிலும் (இன்றைய இந்தோனேசியா) பெரிபெரி. சிப்பாய்களும் கைதிகளும் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியைத் தேடுவதற்கென்று 1886இல் ஒரு குழுவை அனுப்பினார்கள். குழு திரும்பிய பிறகும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர் கிறிஸ்டியான் எய்க்மன்.

அவர் நோயாளிகளின் ரத்தத்தைக் கோழிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். கோழிகளுக்குக் கால் துவண்டு விழும் நோய் வந்தது. ஆஹா, கிருமி கிடைத்துவிட்டது என்று நினைத்தால், ரத்தம் ஏற்றாத கோழிகளுக்கும் அதே நோய். சில மாதங்கள் கழித்து எல்லாக் கோழிகளும் தாமாகவே குணமாகிவிட்டன!

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆய்வகப் பணியாளர் சிக்கனத்துக்காக ராணுவ மருத்துவமனையின் சமையற்கட்டிலிருந்து மிச்சச் சோற்றை வாங்கிக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார். அது தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. பிறகு சமையற்காரர் மாறினார். புதியவர், ராணுவ அரிசியைச் சிவிலியன் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்துக்கொண்டன. அறிவியல் வரலாற்றில் பெயர் தெரியாத அந்தச் சமையற்காரருக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எய்க்மன் இதைச் சோதித்து உறுதி செய்தார். வெள்ளை அரிசி கொடுத்தால் நோய், தவிடு சேர்த்தால் குணம். கோழிக்குச் சரி, மனிதனுக்கு? அவருடைய நண்பரும் சிறைகளின் மருத்துவ ஆய்வாளருமான ஃபோர்டர்மன் 1895-96இல் ஜாவாவின் 101 சிறைகளைக் கணக்கெடுத்தார். தவிடு நீக்காத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே பெரிபெரி. வெள்ளை அரிசி போட்ட 51 சிறைகளில் 36இல் பெரிபெரி. இரண்டும் கலந்து போட்ட 13இல் ஆறு சிறைகளில்.

இவ்வளவு தெளிவான கணக்கு கையில் இருந்தும் எய்க்மன் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? சோற்றின் மாவுச்சத்தில் ஒரு நச்சு உண்டாகிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்பது. கிருமியை விட்டுவிட்டார், ஆனால் 'ஏதோ ஒன்று உள்ளே வந்து கெடுக்கிறது' என்ற எண்ணத்தை விட முடியவில்லை.

விட்டவர் அவருக்குப் பின்னால் அந்த ஆய்வகத்துக்கு வந்த கெரிட் கிரெய்ன்ஸ். அதிக வெப்பத்தில் வேகவைத்த இறைச்சியை மட்டும் தின்ற கோழிகளுக்கும் அதே நோய் வருவதை அவர் பார்த்தார். அதில் மாவுச்சத்தே இல்லையே! பாசிப்பயறு கொடுத்தால் குணமாவதையும் பார்த்தார். 1901இல் அவர் எழுதியதன் சாரம் இது: தவிட்டிலும் பயற்றிலும், நரம்புகளுக்கு அவசியமான ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அது இல்லாததுதான் நோய்.

இன்று படித்தால் சாதாரணமாகத் தெரிகிறது. அன்று அது பெரிய தாவல். கிருமியை நுண்ணோக்கியில் பார்க்கலாம். நச்சைப் பிரித்தெடுக்கலாம். இல்லாத ஒன்றை எப்படிப் பார்ப்பது?

மலாயாவில் தமிழர் சாப்பிட்ட அரிசி

நம் ஊர்க்காரர்கள் வருவது இங்கேதான். 1900களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மலாயாவில் சீனர்கள் ஈயச் சுரங்கங்களிலும், தமிழர்கள் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் வேலை செய்தார்கள். சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தமிழர்களுக்கு அந்த நோய் அநேகமாக வரவே இல்லை. (தமிழர்கள் சுகமாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. மலேரியா அவர்களையும் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது.)

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன், மூன்று இனத்தார் சாப்பிடும் அரிசியையும் ஒப்பிட்டார். மலாய்க்காரர்கள் வீட்டிலேயே நெல் குத்திச் சாப்பிட்டார்கள். சீனர்கள் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்களோ இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. 1907இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார். ஆனால் அவரும் 'பழைய பச்சரிசியில் ஏதோ நச்சு' என்றுதான் முடித்தார்.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, மறுபாதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. பச்சரிசி சாப்பிட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நோய் வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் இரண்டே நோயாளிகள். அவர்களும் நோயோடு உள்ளே வந்தவர்கள். சாவு ஒன்றும் இல்லை. சொந்தமாகச் சம்மதம் சொல்ல முடியாதவர்களை வைத்து நடந்த சோதனை இது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அந்தப் பதினெட்டுப் பேரின் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

பிறகு ஃப்ரேஸர், ஸ்டான்டன் என்ற இருவர், சாலை வேலைக்கு வந்த ஜாவானியத் தொழிலாளர்கள் 300 பேரிடம் இதை இன்னும் கவனமாகச் சோதித்தார்கள். அரிசியை மாற்றினால் நோயும் இடம் மாறியது. அரிசியில் நச்சு ஏதும் இல்லை, தீட்டும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று 1909இல் அறிவித்தார்கள். 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர்களின் மாநாடும் வெள்ளை அரிசிதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டது.

புழுங்கல் அரிசியில் என்ன நடக்கிறது?

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள பி வைட்டமின்கள் அந்தத் தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்பக்கம் நகர்கின்றன. தண்ணீரில் கரையும் தன்மை இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. சூட்டில் மாவு இறுகி, உள்ளே போன சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் கணிசமான தயமின் அரிசியிலேயே தங்கிவிடும். பச்சரிசியைத் தீட்டினால் அதில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 'பார்த்தாயா, நம் முன்னோர்களுக்கு வைட்டமின் தெரிந்திருக்கிறது' என்று சிலர் ஆரம்பித்துவிடுவார்கள். தெரிந்திருக்கவில்லை. புழுக்கினால் நெல் குத்தும்போது நொய் குறைவாக விழும், அரிசியில் பூச்சி சீக்கிரம் பிடிக்காது, சோறு பிசுபிசுக்காது. இவைதான் வெளிப்படையான பலன்கள். சத்து, கேட்காமல் கிடைத்த கூடுதல் லாபம். அதற்காக அந்தப் பழக்கத்தின் மதிப்பு குறையவும் இல்லை.

இந்தியாவுக்குள்ளேயும் இதே வித்தியாசம் தெரிந்தது. பழைய சென்னை மாகாணத்தில் புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதிகளில் பெரிபெரி அரிது. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் பகுதியில் (இன்றைய ஆந்திரக் கடற்கரை) அது நிரந்தரமாகவே இருந்தது. குன்னூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ராபர்ட் மெக்கேரிசன் இதை ஆராய்ந்தார். 1918இல் அங்கே பெரிபெரி ஆய்வுக்காகத் தொடங்கப்பட்ட சிறிய அறைதான் வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

பச்சரிசி சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். பருப்பு, பயறு, காய்கறி, பால் என்று தட்டில் மற்றவை இருந்தால் குறை ஈடாகிவிடும். சோறு மட்டுமே சாப்பாடாக இருந்த ஏழைகளைத்தான் இந்த நோய் பிடித்தது.

பெயர் வைத்தவரும் செய்து காட்டியவரும்

1912இல் லண்டனில் வேலை செய்த போலந்துக்காரர் காசிமிர் ஃபங்க், இப்படி இல்லாமல் போவதால் நோய் வருத்தும் பொருள்களுக்கு 'வைட்டமைன்' என்று பெயர் வைத்தார். உயிருக்கு அவசியமான அமைன் என்று பொருள். எல்லாமே அமைன் அல்ல என்று தெரிந்தபிறகு 1920இல் டிரம்மண்ட் கடைசி எழுத்தை நீக்கி 'வைட்டமின்' ஆக்கினார். அமெரிக்காவில் எலிகளை வைத்து ஆராய்ந்த மெக்காலம் 'கொழுப்பில் கரையும் ஏ', 'தண்ணீரில் கரையும் பி' என்று பிரித்தார். நாம் மனப்பாடம் செய்த பிரிவினையின் தொடக்கம் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. ஃபங்க் தவிட்டிலிருந்து நிக்கோட்டினிக் அமிலம் என்ற பொருளையும் பிரித்தெடுத்தார். அது பெரிபெரியைக் குணப்படுத்தவில்லை என்று ஒதுக்கிவைத்தார். அதுதான் பி3 வைட்டமின் நியாசின்! வேறொரு கொடிய நோய்க்கான மருந்து என்பது 1937இல்தான் தெரிந்தது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நோய்வாய்ப்பட்டிருந்ததால் விழாவுக்குப் போக முடியவில்லை, அடுத்த வருடம் இறந்துபோனார். சரியான விளக்கத்தைச் சொன்ன கிரெய்ன்ஸுக்குப் பரிசு இல்லை.

தயமினைத் தூய படிகமாக முதலில் பிரித்தவர்கள் ஜான்சன், டோனாத் இருவரும். 1926இல், அதே ஜாவா ஆய்வகத்தில். அதன் அமைப்பைக் கண்டுபிடித்து 1936இல் செயற்கையாகச் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர். இவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில், 1886இல்! பெற்றோர் மிஷனரிகள். 1910 வாக்கில் பிலிப்பைன்ஸில் வேலை பார்த்தபோது எட்வர்ட் வெட்டர் என்ற ராணுவ மருத்துவர் தவிட்டுச் சாற்றை அவரிடம் கொடுத்து, இதில் உள்ள மருந்தைப் பிரித்துக் கொடு என்றார். வெள்ளை அரிசி மட்டும் சாப்பிடும் தாய்மாரின் பாலில் தயமின் இருக்காது. தாய்ப்பாலை மட்டும் குடித்த கைக்குழந்தைகள் அங்கே அப்படிச் செத்துக்கொண்டிருந்தன. சாகும் தறுவாயில் இருந்த குழந்தைக்குத் தவிட்டுச் சாறு சில சொட்டுகள் கொடுத்தால் பிழைத்துவிடும். அதைக் கண்ணால் பார்த்த வில்லியம்ஸ், அடுத்த இருபத்தைந்து வருடங்களில் பெரும்பாலும் ஓய்வுநேரத்தில், வேறு வேலை பார்த்துக்கொண்டே இந்த ஆராய்ச்சியைச் செய்தார்.

அவருடைய தம்பி ரோஜர் வில்லியம்ஸ் பிறந்தது நம்ம ஊட்டியில், 1893இல். பி5 வைட்டமினைக் கண்டுபிடித்தவர் இவர். 1941இல் பசலைக்கீரை வகையிலிருந்து இவரும் கூட்டாளிகளும் பிரித்த பி9 வைட்டமினுக்கு, இலை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஃபோலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாகச் செய்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு. கர்ப்பிணிகளுக்கு இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான்.

ஒரே முற்றுகை, இரண்டு நோய்கள்

முதல் உலகப் போரில், இன்றைய ஈராக்கில் உள்ள கூட் என்ற ஊரில், பிரிட்டிஷ் இந்தியப் படை 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை துருக்கியரின் முற்றுகையில் சிக்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மைதா ரொட்டியும் குதிரை இறைச்சியும். அவர்களுக்குப் பெரிபெரி வந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு உமி நீங்காத கோதுமை மாவும் பருப்பும். அவர்களுக்குப் பெரிபெரி வரவில்லை. ஆனால் பெரும்பாலோர் குதிரை இறைச்சியைத் தொடவில்லை. காய்கறியும் இல்லை. அவர்களுக்கு ஸ்கர்வி வந்தது. புது இறைச்சியில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைட்டமின் சி வெள்ளைக்காரர்களைக் காப்பாற்றியது. மைதா தீர்ந்து அவர்களும் கோதுமை மாவுக்கு மாறியபோது பெரிபெரி குறைந்தது.

ஒரே சுவருக்குள், ஒரே பட்டினியில், யாருக்கு எது இல்லையோ அதற்கேற்ற நோய்.

மக்காச்சோளமும் அதே பாடமும்

மேலே சொன்ன நியாசின் விஷயம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் பெலக்ரா என்ற நோயால் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். தோல் கருகி உரியும், வயிற்றுப்போக்கு, கடைசியில் மனம் பேதலிக்கும். மக்காச்சோளத்தை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளுக்கு வந்தது. இதையும் தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் உணவுதான் காரணம் என்று காட்டினார். யாரும் நம்பவில்லை. 1916இல் அவரும் அவருடைய மனைவியும் நண்பர்களும் நோயாளிகளின் ரத்தத்தைத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். அதோடு விடவில்லை. ஆண்கள் நோயாளிகளின் தோல் செதில்களையும் மலத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார்கள். யாருக்கும் பெலக்ரா வரவில்லை. அப்படியும் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. உணவு என்று ஒப்புக்கொண்டால் வறுமையையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

மக்காச்சோளத்தின் தாயகமான மெக்சிகோவில் இந்த நோய் பெரிதாக இல்லை. அங்கே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அப்போது சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் விடுபடும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். நம் புழுங்கல் அரிசிக் கதையின் இன்னொரு பிரதி.

இன்றைக்கு இதெல்லாம் எதற்கு?

பெரிபெரி முடிந்துபோன கதை அல்ல. 2003இல் இஸ்ரேலில் விற்ற ஒரு குழந்தைப் பால்பொடியில் தயமின் இல்லாமல் போனது. சில குழந்தைகள் இறந்தன, மேலும் பல குழந்தைகளின் நரம்பு பாதிக்கப்பட்டது. காஷ்மீரில் பிரசவத்துக்குப் பின் பத்தியமாக வெள்ளைச் சோறு அதிகம் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளிடம் இந்தக் குறைபாட்டை மருத்துவர்கள் சமீப வருடங்களிலும் பதிவு செய்திருக்கிறார்கள். நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குத் தயமின் குறைந்து மூளை பாதிக்கப்படுவது நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் பார்க்கக்கூடியது.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை:

- அரிசியை வெள்ளைத் தண்ணீர் தெளிவாகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம். ஒன்றிரண்டு முறை போதும்.
- கஞ்சி வடித்தால் அதைக் கொட்டாமல் குடிக்கலாம், ரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம்.
- காய்கறியைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிவிட்டு ஊறவைத்தால் சி வைட்டமின் தண்ணீரோடு போகும்.
- முளைகட்டிய பயறு, கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை எல்லாம் மாத்திரையைவிட மலிவு.
- தண்ணீரில் கரைவதுதானே, எவ்வளவு விழுங்கினாலும் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். பி6 மாத்திரையை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் நரம்பே கெடும்.

இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. தகாகி, எய்க்மன், பிராடன் மூவரும் சரியான சாப்பாட்டைக் கண்டுபிடித்தார்கள், தவறான காரணத்தைச் சொன்னார்கள். கணக்கைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றிய கடற்படை பிழைத்தது. விளக்கம் சரியாகட்டும் என்று காத்திருந்த தரைப்படையில் 27 ஆயிரம் பேர் போனார்கள். கண்முன்னே ஒரு கணக்கு திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லும்போது, 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே அதன்படி நடக்கவும் வேண்டும்.

அடுத்தமுறை 'பொருத்துக' பகுதியில் பி - பெரிபெரி என்று கோடு போடும்போது அந்தக் கோட்டின் நீளம் கொஞ்சம் நினைவுக்கு வரட்டும்.